ரத்தம் தெறிக்காமல் பயமுறுத்தும் நாவல்கள்: தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

பயப்படப் பிடிக்கும், ஆனால் குடலை உருவிப் போடும் பக்கங்கள் ஆகாது என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "உலகின் மிகப் பயங்கரமான நாவல்கள்" என்று தேடினால் வரும் பட்டியல்கள் இவர்களுக்கு உதவுவதில்லை. 1898-ல் வந்த அமைதியான பேய்க்கதை ஒன்றும், மனிதத் தோலை உரிப்பதை நான்கு பக்கம் விவரிக்கும் நாவல் ஒன்றும் அங்கே அடுத்தடுத்து நிற்கும். இரண்டுக்கும் ஒரே 'ஹாரர்' முத்திரைதான். அப்படிப்பட்ட பட்டியல்களை நம்பி வாங்கிப் பாதியில் மூடிவைத்த புத்தகங்கள் என் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இருக்கின்றன. அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம்.

பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடைக்கும் நாவல்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன், இந்த வகை அங்கேதான் அதிகம் வளர்ந்திருக்கிறது. தமிழுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

## 1. முதலில் உங்கள் எல்லையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள்

"எனக்கு ரத்தம் பிடிக்காது" என்பது போதாது. ஒருவருக்குக் கத்திக்குத்து பரவாயில்லை, சித்திரவதைதான் ஆகாது. இன்னொருவருக்குக் கொலை நடக்கலாம், உடல் அழுகுவதை வர்ணிக்கக் கூடாது. ஊசி, அறுவை சிகிச்சை என்றாலே தலை சுற்றுகிறவர்களும் உண்டு. உங்களுடையது எது என்று எழுதுங்கள்.

அதே சீட்டின் மறுபக்கத்தில் இன்னொரு பட்டியல் வேண்டும். குழந்தையின் மரணம், தற்கொலை, பாலியல் வன்முறை, வளர்ப்பு நாய்க்கு நேரும் கதி. இவற்றில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் படித்த பிறகு நாலு நாள் மனது சரியாக இருக்காது. பலரும் விழும் முதல் குழி இதுதான்: ரத்தம் இல்லை என்றால் மென்மையான புத்தகம் என்று நினைத்துக்கொள்வது. ஐரா லெவினின் 'ரோஸ்மேரிஸ் பேபி' (1967) நல்ல உதாரணம். ரத்தம் ஏறக்குறைய இல்லை, நடை சரளம், பயம் நிஜம். ஆனால் கதையின் மையத்திலேயே ஒரு பாலியல் வன்முறை இருக்கிறது. ஸ்டீஃபன் கிங்கின் 'பெட் செமட்டரி' (1983) சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லவே மாட்டேன். காரணம் அதிலுள்ள ரத்தம் அல்ல.

## 2. காசு செலவழிக்கும் முன் இலவசச் சோதனை

உங்களுக்கு எந்த மாதிரி பயம் வேலை செய்கிறது என்று தெரியாமல் நாவல் வாங்காதீர்கள். இரண்டு சிறுகதைகள் போதும், இரண்டும் இலவசம், சேர்த்து ஒரு மாலைப்பொழுதுக்குள் முடிந்துவிடும்.

முதலாவது புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. அவருடைய எழுத்துகள் நாட்டுடைமையானவை. பழைய தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் தளத்திலேயே படிக்கலாம். ஒரு எழுத்தாளர் வீட்டில் மனைவி இரக்கப்பட்டு ஒரு பிச்சைக்காரப் பெண்ணை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை. ஒரு வாசனை, ஒரு சிரிப்பு, தூக்கம் வராத ராத்திரி. வந்தவள் யார், நடந்தது என்ன என்று ஆசிரியர் கடைசிவரை விளக்கவில்லை.

இரண்டாவது, டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-ல் வெளியிட்ட 'தி மங்கீஸ் பா'. இந்தியாவிலிருந்து ஒரு ராணுவக்காரர் கொண்டுவரும் குரங்கின் பாதம், மூன்று வரங்கள். இதில் ஒரு கொடூரமான விபத்து நடக்கிறது. ஆனால் அது இன்னொருவர் வாயால் சில சொற்களில் சொல்லப்படுவதோடு சரி, உடலை நாம் பார்ப்பதே இல்லை. பிறகு ராத்திரியில் கதவு தட்டும் சத்தம். வெளியே நிற்பது என்ன நிலையில் இருக்கும் என்பதை உங்கள் தலையே வரைந்துகொள்ளும். உரிமைக்காலம் முடிந்த நூல்களைத் தரும் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

படித்து முடித்ததும் உங்களையே கேளுங்கள். கதவு தட்டும் இடத்தில் முதுகு சில்லிட்டதா? அப்படியானால் வீடு, சத்தம், கண்ணுக்குத் தெரியாதது என்று நகரும் பேய் நாவல்கள் உங்களுக்குச் சரி. காஞ்சனையில் 'இதெல்லாம் இவர் கற்பனையோ' என்ற சந்தேகம்தான் உறுத்தியதா? அப்போது மனதை நம்பமுடியாத கதைகளின் பக்கம் போங்கள். இரண்டும் ஒன்றும் செய்யவில்லையா? பேய் உங்களுக்கு வேலைக்காகவில்லை. தனிமை, இருட்டு, பனி, மனிதர்களின் சதி என்று வேறு வாசல்கள் இருக்கின்றன. பேய்க்குப் பயப்படாதவர்கள் பலர் டாஃப்னி டு மோரியேயின் 'தி பேர்ட்ஸ்' (1952) நெடுங்கதைக்கு மிரண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். பறவைகள் மனிதர்களைத் தாக்க ஆரம்பிக்கின்றன, ஒரு தொழிலாளி தன் வீட்டு ஜன்னல்களைப் பலகை வைத்து அடைக்கிறான். இதை வைத்து ஹிட்ச்காக் எடுத்த படத்தைப் பார்த்தவர்களும் படிக்கலாம். ஊர், மனிதர்கள், முடிவு எல்லாமே வேறு.

## 3. வகைப் பெயர்களில் ஏமாறாமல் இருக்க

கடையில் எல்லாம் 'ஹாரர்' என்ற ஒரே அலமாரியில்தான் இருக்கும். உள்ளே இருக்கும் கிளைப் பெயர்களைத் தெரிந்துகொண்டால் வடிகட்டுவதில் பாதி முடிந்தது.

'கோஸ்ட் ஸ்டோரி' (பேய்க்கதை), 'காதிக்' (பழைய மாளிகையும் இருண்ட ரகசியமும்), 'கொயட் ஹாரர்' (அமைதியான திகில்) என்று இருந்தால் தைரியமாக எடுத்துப் பார்க்கலாம். 'சைக்கலாஜிக்கல் ஹாரர்' (மனதுக்குள் நடக்கும் திகில்) பெரும்பாலும் சரி, ஆனால் தொடர்கொலையாளி கதைகளும் இந்தப் பெயரில் விற்பனைக்கு வருவதால் ஒரு கண் வேண்டும். 'ஃபோக் ஹாரர்' நூலுக்கு நூல் மாறும். கிராமம், சடங்கு என்று மெதுவாகப் போய்க் கடைசியில் பலியில் முடிகிறவை அதில் அதிகம். 'பாடி ஹாரர்' (உடல் சிதைவு), 'ஸ்லாஷர்' (கத்தியோடு துரத்தும் கொலைகாரன்), 'எக்ஸ்ட்ரீம்', 'ஸ்ப்ளாட்டர்பங்க்' என்ற சொற்களைப் பார்த்தால் கீழே வைத்துவிடுங்கள். ஸ்ப்ளாட்டர்பங்க் என்பது 1980-களில் ஒரு கூட்டம் எழுத்தாளர்கள் 'எல்லாவற்றையும் காட்டியே தீருவோம்' என்று எழுதிய பாணி. அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஸ்டீஃபன் கிங் 'டான்ஸ் மக்காபர்' (1981) என்ற கட்டுரை நூலில் மூன்று படிகளைப் பிரிக்கிறார். உச்சியில், ஒன்றையும் காட்டாமல் உண்டாகும் திகில். அடுத்து, அருவருப்பான ஒன்றை நேரில் காட்டுவதால் வரும் அதிர்ச்சி. கடைசியில் குமட்டல். முதலாவதற்குத்தான் முயற்சி செய்வதாகவும், அது கைகூடாவிட்டால் இரண்டாவதற்கும், அதுவும் முடியாவிட்டால் மூன்றாவதற்கும் இறங்குவதாகவும் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். நீங்கள் தேடுவது முதல் படியில் நிற்கும் புத்தகத்தை. கிங்கின் பெயர் அட்டையில் இருந்தால் மூன்று படியிலும் கால் வைத்திருப்பார் என்று எதிர்பார்த்து வாங்குங்கள்.

## 4. பின்னட்டையையும் விமர்சனங்களையும் படிக்கும் முறை

பின்னட்டையில் வரும் அடைமொழிகள் காரணமில்லாமல் வருவதில்லை. 'அட்மாஸ்ஃபெரிக்' (சூழலே பயமுறுத்தும்), 'அன்செட்லிங்' (நிம்மதியைக் குலைக்கும்), 'ஸ்லோ பர்ன்' (மெதுவாகச் சூடேறும்), 'ஈரி' (அமானுஷ்யமான), 'சில்லிங்' (சில்லிட வைக்கும்) என்றால் நம் பக்கம். 'விசரல்' (குடலைப் புரட்டும்), 'புரூட்டல்' (கொடூரமான), 'அன்ஃபிளிஞ்சிங்' (எதையும் மறைக்காத), 'நாட் ஃபார் தி ஸ்க்வீமிஷ்' (அருவருப்புப் படுகிறவர்களுக்கு அல்ல) என்றால் எதிர்ப்பக்கம். 'டிஸ்டர்பிங்' (மனதைக் கலக்கும்) என்ற சொல் மட்டும் எதையும் சொல்லாது. இரண்டு தரப்புக்கும் அதைப் போடுகிறார்கள்.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள். "ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை" என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களின் புகார்களைப் படியுங்கள். "ஒன்றுமே நடக்கவில்லை", "ரொம்ப மெதுவாகப் போகிறது", "பேயைக் கடைசிவரை காட்டவே இல்லை", "முடிவு புரியவில்லை" என்று நாலைந்து பேர் திட்டியிருந்தால் எனக்கு அது சிபாரிசுக் கடிதம். அவர்களுக்குக் குறையாகத் தெரிந்ததைத்தான் நாம் தேடுகிறோம். "தேவையில்லாத விவரம்", "அந்த ஒரு காட்சியைத் தாண்ட முடியவில்லை" என்று வந்தால் எந்தக் காட்சி என்று பார்க்காமல் வாங்க வேண்டாம். வாசகர்கள் விமர்சனம் எழுதும் குட்ரீட்ஸ் தளத்தில் விமர்சனங்களுக்குள் சொல் தேடும் வசதி இருக்கிறது. 'கோர்' (gore, ரத்தக்களறி), 'கிராஃபிக்' (graphic, அப்பட்டமான விவரிப்பு) ஆகிய இரண்டையும் ஆங்கில எழுத்தில் போட்டுத் தேடினால் சில நிமிடங்களில் நிலவரம் தெரியும்.

திரைப்படத்தை வைத்து நாவலை எடைபோடுவதும் வழக்கமான குழி. கிங்கின் நாவலை வைத்து வந்த 'தி ஷைனிங்' படத்தில் லிஃப்டிலிருந்து ரத்தம் அலையாகக் கொட்டும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். நாவலில் அது கிடையாது. கோடரியும் கிடையாது, அங்கே இருப்பது மரச் சுத்தியல். ஆனால் அந்தச் சுத்தியல் நாவலில் படத்தைவிட அதிகமாகவே இயங்குகிறது. ஆக, படம் ரத்தக்களறி என்பதால் புத்தகமும் அப்படி என்றோ, படம் சாதுவானது என்பதால் புத்தகமும் சாது என்றோ முடிவு கட்டாதீர்கள்.

## 5. உள்ளே எட்டிப் பார்த்துவிடுங்கள்

தி ஸ்டோரிகிராஃப் என்ற தளத்திலும் செயலியிலும் ஒவ்வொரு நூலுக்கும் வாசகர்கள் பதிந்த எச்சரிக்கைகள் இருக்கும். விரிவாக வருகிறது, மிதமாக வருகிறது, லேசாக வருகிறது என்று மூன்று தரம் பிரித்து, எத்தனை பேர் அப்படிச் சொன்னார்கள் என்றும் காட்டும். உங்கள் சீட்டின் இரண்டு பக்கத்தையும் இதோடு ஒப்பிடுங்கள். ஒரே ஒருவர் மட்டும் 'விரிவாக' என்று போட்டிருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐம்பது பேர் போட்டிருந்தால் நம்புங்கள். நாய் சாகுமா என்ற கேள்வியையே பெயராக வைத்த 'டஸ் தி டாக் டை' தளத்திலும் படங்களோடு நூல்களும் இருக்கின்றன. கதை முன்கூட்டியே தெரிந்துவிடுமே என்று தயங்குகிறவர்கள் நண்பரையோ வீட்டில் ஒருவரையோ பார்க்கச் சொல்லி, ஆமாம், இல்லை என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

கூகுள் புக்ஸில் பல நாவல்களுக்கு உள்ளே சொல் தேடலாம். ரத்தம், சதை, எலும்பு ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களைப் போட்டுப் பாருங்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், ரத்த உறவும் முகம் சிவப்பதும்கூட அதில் வந்து விழும். எந்தப் பக்க எண்களில் கொத்தாக வருகிறது என்பதுதான் முக்கியம்.

ஏனென்றால் இந்த வகையின் பெரிய பொறி கடைசிக் கால்பகுதியில் இருக்கிறது. முதல் இருநூறு பக்கம் காற்று, கதவு, நிழல் என்று அழகாகப் போய்விட்டு, முடிக்கத் தெரியாமல் ஆயுதத்தை எடுக்கும் நாவல்கள் ஏராளம். பழைய நூல்களும் விதிவிலக்கல்ல. லெ ஃபானுவின் 'கார்மில்லா' (1872) நூறு பக்கம் போல வரும் மிக மென்மையான ரத்தக்காட்டேரிக் கதை. ஆனாலும் முடிவில் கல்லறையைத் திறக்கும் இடத்தில் ஒரு பத்தி ரத்தம் உண்டு. ஒரு பத்திதான், கண்ணை ஓட்டிவிடலாம். முன்பே தெரிந்திருந்தால் போதும்.

கிண்டிலில் மாதிரியாக நூலின் தொடக்கம் சுமார் பத்து சதவீதம் இலவசமாக வரும். நடை பிடிக்கிறதா என்று பார்க்க அது நல்லது. ரத்த அளவை அறிய அது உதவாது, காரணம் இப்போது சொன்னதுதான்.

## 6. எதில் ஆரம்பிப்பது

என் வரிசை இது. வேறு யாராவது வேறு வரிசை சொல்வார்கள், சரி.

சூசன் ஹில்லின் 'தி வுமன் இன் பிளாக்' (1983) முதலில். சுமார் இருநூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஆர்தர் கிப்ஸ் என்ற இளம் வழக்கறிஞர், இறந்துபோன ஒரு மூதாட்டியின் காகிதங்களைச் சரிபார்க்க ஈல் மார்ஷ் ஹவுஸ் என்ற வீட்டுக்குப் போகிறார். கடல் ஏறினால் பாதை மூழ்கி, வீடு தனித்துவிடும். மூடுபனிக்குள் ஒரு குதிரை வண்டியின் சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு நான் வெளிச்சம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ரத்தம் கிட்டத்தட்ட இல்லை. மறுபக்கப் பட்டியலில் குழந்தை மரணம் உண்டு, அதுவும் லேசாக அல்ல. கதையில் ஸ்பைடர் என்று ஒரு நாய் வருகிறது. அது பிழைத்துக்கொள்ளும். இதைச் சொல்லிவிட்டால் சிலர் நிம்மதியாகப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (1959). பேய் இருக்கிறதா என்று ஆராய ஒரு முனைவர் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு மாளிகையில் தங்குகிறார். ராத்திரியில் நடைக்கூடத்தில் ஏதோ ஒன்று கதவு கதவாக இடித்துக்கொண்டு வருகிறது. அது என்னவென்று காட்டப்படவே இல்லை. ஓரிடத்தில் ஒரு பெண்ணின் துணிகளெல்லாம் சிவப்பாக நனைந்திருக்கும், அதுதான் அதிகபட்சம். எலினார் என்ற பாத்திரத்தின் மனநிலை கொஞ்சம் கொஞ்சமாக வழுக்குவதுதான் உண்மையான பயம். தனிமையில், மனம் சோர்ந்திருக்கும் நாட்களில் இதை எடுக்க வேண்டாம். தற்கொலை சம்பந்தப்பட்ட பகுதி இருக்கிறது.

மூன்றாவது மிஷெல் பேவரின் 'டார்க் மேட்டர்' (2010). 1937-ல் வட துருவப் பகுதித் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்குப் போகும் ஒரு ஆய்வுக் குழுவில் ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, சூரியனே எழாத துருவ இரவில் ஜாக் என்பவன் தனியாக மாட்டிக்கொள்கிறான். நாட்குறிப்பு வடிவம், எளிய ஆங்கிலம். பேயைவிட இருட்டுக்குப் பயப்படுகிறவர்களுக்கு இதுவே முதல் இடம். பழைய கொடுமை ஒன்று பேச்சில் வெளிப்படுகிறது, நீளமாக இல்லை. பிடித்துவிட்டால் அவருடைய 'தின் ஏர்' (2016) இருக்கிறது. 1935-ல் டார்ஜிலிங்கிலிருந்து கஞ்சன்ஜங்கா ஏறப் புறப்படும் வெள்ளைக்காரக் குழுவின் கதை.

நீளமாகவும் நிதானமாகவும் படிக்க முடிகிறவர்களுக்கு சாரா வாட்டர்ஸின் 'தி லிட்டில் ஸ்ட்ரேஞ்சர்' (2009). புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்த நாவல். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்து இங்கிலாந்து, நொடித்துப்போன ஒரு பண்ணையார் குடும்பம், அந்த வீட்டுக்கு வந்துபோகும் ஒரு டாக்டர் சொல்லும் கதை. சுமார் ஐந்நூறு பக்கம். ஆரம்பப் பகுதியில் ஒரு நாய் ஒரு சிறுமியைக் கடித்துவிடும் காட்சி விரிவாக வரும். அதைத் தாண்டிவிட்டால் உடல் காயம் அவ்வளவாக இல்லை. நாய்ப் பிரியர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

ஜப்பானியப் பக்கம் போக விரும்பினால் கோஜி சுசுகியின் 'ரிங்' (1991), ஆங்கிலத்தில் கிடைக்கிறது. படத்தில் பார்த்த கிணற்றுப் பெண்ணை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நாவல் ஒரு பத்திரிகையாளரின் துப்பறியும் கதை போலத்தான் நகர்கிறது. ரத்தம் குறைவு. பாலியல் வன்முறை பற்றிய பேச்சு உண்டு.

ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' (1898) எல்லாப் பட்டியலிலும் இருக்கும். சின்ன நூல், இலவசம், ரத்தமே இல்லை என்பதால் புதியவர்கள் இதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். எடுத்த வேகத்தில் வைத்துவிடுகிறார்கள். வாக்கியங்கள் அரைப் பக்கத்துக்கு வளைந்து நெளிந்து போகும். எழுவாய் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தால் எப்படிப் பயம் வரும்? நாலைந்து நூல் படித்து, ஆங்கிலம் பழகியபின் வாருங்கள். அப்போது அது வேறு புத்தகமாகத் தெரியும்.

'தி ஷைனிங்' (1977) எல்லைக்கோட்டில் நிற்கிறது. பனி மூடிய ஓட்டல், மெதுவாக மனம் பேதலிக்கும் அப்பா, பயந்துபோன பையன் என்று முதல் முக்கால் பங்கு அற்புதம். கடைசியில் அடிதடி விவரமாக வரும். உங்கள் சீட்டில் 'சித்திரவதை ஆகாது, சண்டை பரவாயில்லை' என்று இருந்தால் எடுக்கலாம். கிங்கின் 'இட்' (1986) ஆயிரம் பக்கத்துக்கு மேல். இந்தக் கட்டுரை யாருக்காகவோ அவர்களுக்கானது அல்ல.

## 7. தமிழில்

தமிழில் பேய் நாவல் என்று தனி அலமாரி இல்லை. மர்ம நாவலோடு கலந்து கிடக்கிறது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' தொடங்க நல்ல இடம். கணேஷ், வசந்த் இருவரும் ஒரு பண்ணை வீட்டில் நடக்கும் அமானுஷ்யத்தை விசாரிக்கிறார்கள். கணேஷ் விஞ்ஞானத்தின் பக்கம், வசந்த் பேயின் பக்கம். கொலைகள் உண்டு, தலைப்பே சொல்கிறது. மனதுக்குள் கேட்கும் குரல் பற்றிய அவருடைய 'ஆ..!' எனக்கு இன்னும் அதிகமாகப் பயம் தந்தது. அத்தியாயம் ஒவ்வொன்றும் 'ஆ' என்று முடியும். இரவில் 'இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்' என்று போய்க்கொண்டே இருப்பீர்கள்.

இந்திரா சௌந்தர்ராஜனின் நாவல்களில் கோயில், சித்தர், காவல் தெய்வம் என்று மர்மம்தான் பிரதானம். திகில் இரண்டாம் பட்சம். நடுங்க வேண்டும் என்று எடுத்தால் ஏமாற்றம் வரலாம், முடிச்சு அவிழ்வதற்காகப் படித்தால் வராது. சிறுகதைகளாகப் படிக்க ஜெயமோகனின் 'நிழல்வெளிக் கதைகள்' தொகுப்பைச் சொல்வேன். மாத நாவல்களில் வாங்கும்போது அட்டைப்படத்தை நம்பாதீர்கள். மண்டையோடும் கத்தியும் போட்ட அட்டைக்குள் குடும்பக் கதை இருக்கும், ரோஜாப்பூ போட்ட அட்டைக்குள் மூன்று பிணம் கிடக்கும்.

## 8. பதிப்பும் விலையும்

இங்கேதான் காசு வீணாகும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உரிமைக்காலம் முடிந்த பழைய நூல்களுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. எம். ஆர். ஜேம்ஸின் 1904 பேய்க்கதைத் தொகுப்பு, 'கார்மில்லா', 'டிராகுலா', 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' எல்லாம் குட்டன்பர்க்கில் உண்டு. காதால் கேட்க லிப்ரிவாக்ஸ் என்ற இலவச ஒலிநூல் தளம். ஹில், வாட்டர்ஸ், பேவர் போன்றோரின் நூல்கள் இலவசப் பிடிஎஃப் ஆகக் கிடைத்தால் அது திருட்டு நகல், பக்கங்கள் விட்டுப்போயிருக்கவும் வாய்ப்பு அதிகம். பேய்க்கதையில் ஒரு பக்கம் காணாமல் போனால் அது ஆசிரியரின் உத்தி என்று நினைத்துக்கொண்டே போய்விடுவோம்.

அச்சு நூலாக வாங்கும்போது தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் உரிமைப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பதிப்பாளர் பெயர், ஆண்டு சரியாக இருக்கிறதா? 'அப்ரிட்ஜ்டு' (சுருக்கியது), 'ரீடோல்டு' (மாற்றிச் சொன்னது) என்ற சொல் எங்காவது இருக்கிறதா? மாணவர்களுக்காகச் சுருக்கிய பதிப்புகள் இணையக் கடைகளில் அசலோடு கலந்து வருகின்றன. சுருக்கியவர்கள் முதலில் வெட்டுவது வர்ணனையை, இந்த வகையில் பயம் இருப்பதே அங்கேதான். பக்க எண்ணிக்கை மற்ற பதிப்புகளில் பாதி என்றால் சந்தேகப்படுங்கள். உரிமை முடிந்த நூல்களை ஸ்கேன் செய்து எழுத்துப் பிழைகளோடு அச்சிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். பதிப்பாளர் பெயரே இல்லாத மலிவுப் பிரதிகள் பெரும்பாலும் அவைதான்.

புகழ்பெற்ற கிளாசிக் வரிசைகளில் வாங்கினால் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். பேராசிரியர்கள் எழுதும் அந்த முன்னுரைகள், நீங்கள் ஏற்கெனவே நாவலைப் படித்தவர் என்று எண்ணிக்கொண்டு முடிவை முதல் பத்தியிலேயே போட்டு உடைத்துவிடும்.

விலை விஷயத்தில் நான் பார்த்தவரை: புதிய ஆங்கிலப் பேப்பர்பேக் 350 முதல் 600 ரூபாய், இந்தியாவிலேயே அச்சாகும் பழைய கிளாசிக்குகள் 150 முதல் 250, பழைய புத்தகக் கடையில் 50 முதல் 150. சென்னை புத்தகக் காட்சியில் 10 சதவீதம் கழிவு உண்டு. அவசரம் இல்லையென்றால் பட்டியலை வைத்துக்கொண்டு அதுவரை காத்திருக்கலாம். நடைபாதைக் கடைகளில் பழுப்பேறிய பழைய பிரதி நல்லது, பளபளப்பான 'புதிய' பிரதி பெரும்பாலும் கள்ள அச்சு. விரித்துப் பார்த்து, நடுவில் பக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று புரட்டிவிட்டுக் காசு கொடுங்கள். மாவட்ட மைய நூலகத்தில் முகவரிச் சான்றும் சிறிய காப்புத் தொகையும் கொடுத்து உறுப்பினராகலாம். ஆங்கிலப் புனைவுப் பகுதி ஊருக்கு ஊர் வேறுபடும், போய்ப் பார்த்துவிட்டு விண்ணப்பம் நிரப்புங்கள்.

## 9. எப்போது, எவ்வளவு நேரம்

அமைதியான பேய் நாவல் சூடேற ஐம்பது, அறுபது பக்கம் எடுக்கும். அதை நாளுக்குப் பத்துப் பக்கம் வீதம் பேருந்தில் படித்தால் ஒன்றும் ஏறாது. குட்டி நாவலை இரண்டு மாலையிலும், பெரியதை ஒரு வார விடுமுறையிலும் முடிக்கும்படி திட்டமிடுங்கள். ஆங்கிலம் நிதானமாகப் படிக்கிறவர் என்றால் மணிக்கு இருபத்தைந்து, முப்பது பக்கம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் கால்பகுதியைப் பகலில் படித்து ஆட்களின் பெயர், வீட்டின் அமைப்பு எல்லாம் மனதில் பதிந்தபின் மீதியை இரவுக்கு வைத்தால் நன்றாக வேலை செய்யும். கைபேசியில் படிக்கிறவர்கள் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். பேய் வரும் நேரத்தில் மின்கட்டண நினைவூட்டல் வந்தால் எல்லாம் போச்சு.

எதிர்பாராமல் உங்கள் எல்லையைத் தாண்டும் காட்சி வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, ஒவ்வொரு பத்தியின் முதல் வரியை மட்டும் படித்துக்கொண்டு அடுத்த அத்தியாயம் வரை தாண்டுங்கள். கதை பெரும்பாலும் அறுந்துபோகாது. அடுத்த இரண்டு அத்தியாயத்திலும் அதே தொடர்ந்தால் புத்தகம் தன் படியை மாற்றிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம், மூடிவிடலாம். மூடிய புத்தகத்தை வைத்திருக்காமல் பழைய புத்தகக் கடையில் கொடுத்துவிடுங்கள். கிங்கின் நாவல்களை அவர்கள் மறுக்காமல் எடுத்துக்கொள்வார்கள், அந்தக் காசில் பேரம் பேசினால் ஜாக்சனின் பழைய பிரதி ஒன்று கிடைக்கக்கூடும்.